எங்கள் ஏஜென்ட்டுக்கும் கதவைத் திறந்துவிடுங்கள்

இணையத்தில் டிஜேக்களுக்குப் பாட்டு விற்கும் கடையின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் கணக்கை எதற்காக முடக்கினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 'தானியங்கிச் செயல்பாடு' என்று நீங்களே மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். எனக்காக உங்கள் கடையில் பாட்டைத் தேடி எடுக்கும் ஏ.ஐ. ஏஜென்ட் என்ற மென்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள். அதோடு நிற்காமல், நான் பணம் கட்டி வாங்கிய பாட்டுகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டீர்கள். அந்தக் கணக்கைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த வாரம் கானாடுகாத்தானில் ஓர் அறுபதாம் கல்யாணம். இந்தப் பக்கத்து வீடுகளில் முகப்பைத் தாண்டி வளவு என்னும் உள்முற்றப் பகுதிக்குள் போய்விட்டால், சுவரின் கனத்துக்குக் கைபேசியில் சிக்னல் நிற்காது. ஸ்ட்ரீமிங் செயலியை நம்பி அங்கே நிகழ்ச்சி நடத்த முடியாது. பாட்டைக் கோப்பாக வாங்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால்தான் தொழில். மாலை மாற்றியதும் கண்ணதாசன் பாட்டு ஒன்று வேண்டும் என்று வீட்டு ஆச்சி முன்பே சொல்லியிருந்தார்கள். சிறுகூடல்பட்டிக் கவிஞரின் பாட்டில்லாமல் இங்கே விசேஷம் நிறைவதில்லை. வாங்கினேன், இறக்குவதற்குள் பூட்டு விழுந்தது. வேறு வழியில்லாமல் கைபேசியை முகப்புத் திண்ணையில் வைத்து, வளவு வரைக்கும் ஒயர் இழுத்து ஒலிக்கவிட்டோம். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் பாட்டு நின்றது. திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்தில் மாலையோடு இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் ஆச்சி சொன்னார்கள்.

நான் திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியலை ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் கொடுக்கிறேன். அது உங்கள் கடையில் தேடி, மூலப்பதிவா, ரீமிக்ஸா, வேறொருவர் பாடியதா என்று பார்த்து, 320 கேபிபிஎஸ் எம்பி3யையோ வேவ் கோப்பையோ கூடையில் போடுகிறது. பணம் என்னுடையது. ஓ.டி.பி. என் கைபேசிக்கு வருகிறது; நான் போட்டால்தான் பணம் போகும். பிறகு படம், பாடியவர், ஆண்டு எல்லாம் எழுதி, வேகமும் சுருதியும் பார்த்து, ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் சடங்கு வாரியாக அடுக்கிவைக்கிறது. இதையே கையால் செய்தால் இரவெல்லாம் போய்விடும். அதற்குக் காரணமும் உங்கள் கடையில்தான் இருக்கிறது. 1960களின் பாட்டுக்கு மறுபதிப்பு ஆண்டைப் போட்டிருக்கிறீர்கள். பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் இசையமைப்பாளர் இருக்கிறார். ஒலிப்பதிவுகளை அடையாளம் காணவே ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இடக் குறியீடு இருக்கிறது. அதைக் கொண்டு தேடவாவது வழி வைத்திருக்கக் கூடாதா?

திருட்டு அட்டையில் வாங்குகிறவர்களும், கடையையே சுரண்டிக்கொண்டு போகும் நிரல்களும் உண்டு. உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் ஏஜென்ட் வைத்து வியாபாரம் செய்வது எங்கள் சீமைக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடைகளை நடத்தியவர்கள் ஏஜென்ட்டுகள்தாம். முதலாளி ஊரில் இருப்பார்; அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜென்ட் கொடுக்கல் வாங்கலைப் பார்ப்பார். எதிரில் இருந்தவர்கள் பத்திரத்தையும் வரம்பையும் பார்த்து வியாபாரம் செய்தார்கள். நீங்களும் என் ஏஜென்ட்டை என் பெயரில் பதிந்துகொள்ளுங்கள். நாளொன்றுக்கு இத்தனை பாட்டு, இத்தனை ரூபாய் என்று வரம்பு கட்டுங்கள். மீறினால் ஏஜென்ட்டை நிறுத்துங்கள். வாங்கிய பாட்டைப் பிடித்துவைக்காதீர்கள்.

யூடியூபிலிருந்து உருவிய பாட்டோடு மண்டபம் மண்டபமாகப் போகிறவரை யாரும் தடுப்பதில்லை. திருமண விழாவில் பாட்டு ஒலிக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. அந்த விலக்கு ஒலிப்பதற்குத்தான், பதிவை இலவசமாக எடுத்துக்கொள்வதற்கு அல்ல என்று விலை கொடுத்து வாங்குகிறவன் நான். ஏவி.மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு விற்ற ஊரில் பாட்டுக்குக் காசு கொடுக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தக் காசைக் கொடுக்கிறவனைத்தான் வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

வார்த்தை கடுமையாகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து என் கணக்கைத் திறந்துவிடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், வாங்கிய பாட்டுகளை இறக்கிக்கொள்ளவாவது முதலில் வழிசெய்யுங்கள். ஏஜென்ட் மூலம் வாங்குவதற்கான விதிகளை எழுத்தில் வெளியிடுங்கள். தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. இதுவரை வந்தவை எல்லாம் ஒரே வாசகத்தில் அமைந்த பதில்கள். இந்த மடலையாவது உங்களில் ஒருவர் படித்து, மார்கழிக்குள் பதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி டிஜே ஒருவர்