கப்பல் ஏறப்போகும் மகளுக்கு

காசிமேடு

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பலில் போகப்போவதாக அம்மா சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் மேல்தளத்தில், முன்பக்கம், பால்கனி வைத்த அறையைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், கப்பல் ஆட்டத்தில் வரும் குமட்டலைப் பற்றி உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடு.

அலையில் கப்பல் ஆடும்போது அணியம் என்கிற முன்முனையும் அமரம் என்கிற பின்முனையும்தான் அதிகமாக ஏறி இறங்கும். மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். பெரிய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்க இருபுறமும் தகடுகள் பொருத்தியிருப்பார்கள் என்றாலும், முன்னும் பின்னுமாக ஏறி இறங்குவதை அவற்றால் அடக்க முடியாது. ஆகவே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், ஜன்னலுள்ள அறையாகக் கேட்டு வாங்கு.

இந்தக் குமட்டலின் காரணம் வயிற்றில் இல்லை, அம்மா. உடல் ஆடுவதை உள்காது உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் மூளை தடுமாறுகிறது. விசைப்படகில் புதிதாக வரும் பையன்கள் குனிந்து மீன் பிரிக்கும்போது, அதுவும் இன்ஜின் அறையின் டீசல் வாடையில், முகம் வெளுத்து வாந்தி எடுப்பார்கள். சுக்கான் பிடித்து முன்னே பார்த்து நிற்பவருக்கு அது அரிதாகத்தான் வரும். பையன்களை நிமிர்ந்து நின்று தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுவோம். நீங்களும் தலை கனக்கத் தொடங்கியதுமே காற்றாட வெளித்தளத்துக்கு வந்து அப்படியே செய்யுங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியும் புத்தகமும் கூடவே கூடாது.

மாத்திரையை முன்கூட்டியே போட வேண்டும். மெக்லிசின், புரோமெத்தசின் போன்றவற்றில் எது பொருந்தும், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்குக் குறைந்தது 1 மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு விழுங்கினால் மாத்திரை வயிற்றில் தங்குவதும் அரிது, வேலை செய்வதும் அரிது. தூக்கம் வரும், மதுவோடு அறவே சேர்க்கக் கூடாது என்பதை மாப்பிள்ளையிடமும் சொல். பேரனுக்குத்தான் அதிகக் கவனம் தேவை, ஏனென்றால் 2 வயதிலிருந்து 12 வயது வரையுள்ள பிள்ளைகளையே இது அதிகம் வாட்டும். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதே. குழந்தை மருத்துவரையே கேள்.

வெறும் வயிற்றோடு கப்பல் ஏறாதீர்கள். இட்லி போல் எண்ணெய் இல்லாததாகக் கொஞ்சம் சாப்பிட்டால் போதும். இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கேட்கும், அம்மாவிடம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்து குமட்டினாலும் கலங்காதே. ஆயுள் முழுவதும் கடலில் கழித்த பிரிட்டிஷ் தளபதி நெல்சனுக்கே கடல் கொந்தளித்தால் குமட்டும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும்.

கப்பலின் தள வரைபடத்தை மாப்பிள்ளையை அனுப்பச் சொல். எந்த அறை என்று பார்த்துச் சொல்கிறேன். அதன் பிறகு பணம் கட்டுங்கள்.

அன்புடன்,
அப்பா