பின்வாசலுக்கு ஒரு பச்சை மறைப்பு

ஏற்காடு,
ஆவணி 12

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. அத்தைக்கு இளைப்பு குறைந்து ராத்திரி தூங்குகிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே மழை பரவாயில்லை. காப்பி நன்றாகக் காய் பிடித்திருக்கிறது.

அடுத்த வீட்டுக்காரர் மாடி எடுத்ததிலிருந்து துவைக்கிற கல்லுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மதில்மேல் தகரம் மட்டும் அடித்துவிடாதே. கன்னங்குறிச்சி வெயிலுக்கு அது அனலைத் திருப்பி அடிக்கும். செடியே வை.

ஆனால் நர்சரியில் சொன்ன கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் வளரும், சுவர் மாதிரி அடர்ந்து நிற்கும், எல்லாம் உண்மைதான். அதன் வேர் ஈரத்தைத் தேடித் தண்ணீர்க் குழாய்க்குள்ளும் சாக்கடைக்குள்ளும் புகுந்துவிடும். பூக்கிற காலத்தில் அதன் மகரந்தம் ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் கிளப்பும் என்றுதான் குஜராத்தில் 2023-இல் அதை நடத் தடை போட்டார்கள். நம் அரசும் 2025-இல் தடை செய்துவிட்டது. அத்தை இருக்கிற வீட்டில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதே. அரளியும் வேண்டாம். இலை, பூ, காய் எல்லாமே விஷம். உன் பேரன் கைக்கு எட்டியதை வாயில் வைக்கிற வயசு.

நெட்டிலிங்கம் வை. எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். அசோகா என்று கேட்டாலும் தருவார்கள். கிளை தொங்கி, ஒல்லியாக மேலே போகிற ரகத்தைப் பார்த்து வாங்கு. கிளை விரிகிற ரகமும் உண்டு, அது உன் இடத்துக்கு ஆகாது. மதிலிலிருந்து மூன்றடி தள்ளி, கன்றுக்குக் கன்று நான்கடி விட்டு நடு. மேலே கரண்டு கம்பி போகிற பக்கம் மட்டும் வைக்காதே, முப்பது அடியைத் தாண்டிப் போகிற மரம். வெயில் பட்டால் அடிக்கிளைகள் தரைவரை பச்சையாக நிற்கும், நிழல் விழுந்தால் கீழே மொட்டையாகிவிடும். அதனால் அதன் முன்னால் வேறு மரம் வேண்டாம். இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடித்துவிடாதே. பச்சைப் புள்ளி போட்ட அழகான வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்த இலையில் முட்டையிடும், அதன் குஞ்சுதான் அது. பழம் பழுத்தால் வௌவால் வரும். வரட்டுமே.

எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். மாடி ஜன்னலில் நிற்பவர் கண் பதினாறு அடியில் இருக்கும். கல் அருகே குந்தியிருக்கிற உன் கண் மூன்றடி. இரண்டுக்கும் சரிபாதித் தூரத்தில் செடி நின்றால் ஒன்பதரை அடி போதும். மதிலை ஒட்டி, ஜன்னலுக்குப் பக்கமாக நடுகிறாய் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று அடி வேண்டும். ஆகவே உன் பக்கம் எவ்வளவு தள்ளி நட முடியுமோ அவ்வளவு நல்லது. வேண்டிய உயரம் வரும்வரை நுனியைக் கிள்ளாதே.

மலையில் எங்கள் வேலியோரம் நிற்கிற சைப்ரஸ் மாதிரி வேண்டும் என்கிறாய். அதற்கு இந்தக் குளிர் வேண்டும் மல்லிகா, சித்திரை வெயிலில் அடியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். கிணற்று மூலையில் இடம் குறுகல் என்றால் அங்கே மட்டும் கொத்தாக வளர்கிற வேலி மூங்கில் வைக்கலாம். ஓடிப் பரவாத ரகம்தானா என்று கேட்டு வாங்கு. சருகு கொட்டும், பெருக்க வேண்டியிருக்கும்.

நடுவதற்கு முன் அடுத்த வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அவர்கள் ஜன்னல் காற்றும் இதில் இருக்கிறது. கோபமாக அல்ல, செடி வைக்கப் போகிறோம் என்று சொன்னால் போதும்.

புரட்டாசி பிறந்ததும் இரண்டடிக் குழி எடுத்து, செம்மண்ணும் மட்கிய சாணமும் போட்டு ஆறவிடு. ஐப்பசி மழையில் கன்று வேர் பிடித்துக்கொள்ளும். கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதே. அடியிலிருந்தே கிளையும் இலையும் உள்ளதாகப் பொறுக்கு. கவருக்குள் வேர் சுருண்டு கிடப்பதை விட்டுவிடு. நடுகிற வாரம் எது என்று போன் பண்ணு, நானும் கீழே இறங்கி வருகிறேன்.

அன்புடன்,
சாரதா