காலாண்டு விடுமுறைக்குப் பின்: பென் டென் வாட்ச் பற்றிப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோ-கோ அணி பரிசோடு திரும்பியது, ஓவியப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பெயர் எடுத்தார்கள், மைதானத்து மரக்கன்றுகள் துளிர்விட்டிருக்கின்றன. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், பிள்ளைகள் பள்ளிக்குக் கட்டிவரும் பென் டென் பொம்மை வாட்ச் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

பென் டென் என்பது 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய கார்ட்டூன்; தமிழிலும் ஒளிபரப்பானது. உங்களில் இளையவர்கள் சிறு வயதில் பார்த்தே இருப்பீர்கள். கோடை விடுமுறையில் மேக்ஸ் தாத்தாவோடும், சித்தப்பா பெரியப்பா முறையில் சகோதரியான க்வென்னோடும் வேனில் ஊர் சுற்றும் 10 வயது பென்னின் மணிக்கட்டில் ஆம்னிட்ரிக்ஸ் என்ற வாட்ச் போன்ற கருவி ஒட்டிக்கொள்கிறது. அதைத் தட்டினால் அவன் வேற்றுக்கிரகவாசியாக மாறிவிடுவான்: நெருப்பு உடம்புக்காரன் ஹீட்பிளாஸ்ட், நாலு கை ஃபோர் ஆர்ம்ஸ் என முதலில் 10 வடிவங்கள். பல நேரம் கேட்ட வடிவம் வராது, வேறொன்று வரும். சில நிமிடங்களில் நேரம் முடிந்து, அவன் மறுபடி சின்னப் பையனாகிவிடுவான். பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. எனக்கும் பிடிக்கும்.

ஆனால் பள்ளியில் நடப்பது வேறு. வாட்சைத் தட்டிவிட்டு மாடிப்படியின் பாதியிலிருந்து குதிக்கிறார்கள். ஃபோர் ஆர்ம்ஸ் ஆகிவிட்டவன் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளுகிறான். வாட்ச் இல்லாத பிள்ளையை ஒவ்வொரு இடைவேளையிலும் வில்லன் வில்காக்ஸ் ஆக்கித் துரத்துகிறார்கள். வாட்ச் வாங்கிக் கொடுத்த யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆசையாகக் கேட்டால் எந்தப் பெற்றோருக்கும் மனசு வரத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய கவலை அதன் பேட்டரி. விலை குறைந்த பல வாட்சுகளில் மூடிக்குத் திருகாணியே கிடையாது; நகத்தால் நெம்பினால் பொத்தான் அளவு பேட்டரி கையோடு வந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கிடைப்பதை வாயில் போடும் வயதுக்காரர்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அந்த அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

ஆகவே இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். திங்கள்கிழமை முதல் பேட்டரி போட்ட எந்தப் பொம்மையும் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது. கொண்டுவந்தால் வகுப்பாசிரியர் வாங்கி வைப்பார், பெற்றோர் நேரில் வந்துதான் பெற்றுக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் என்றாலும் விலக்கு இல்லை. படியிலிருந்து குதித்தாலோ ஒரே பிள்ளையைத் தொடர்ந்து துரத்தினாலோ அன்றே உங்களை அழைப்போம்.

விளையாட்டை நாங்கள் தடுக்கவில்லை. கதைப்படி அந்த வாட்சைச் செய்த அஸ்மத், அதைச் சண்டைக்கென்று செய்யவில்லை. ஓர் இனத்தவர் இன்னோர் இனத்தவராக வாழ்ந்து பார்த்து அவர்களைப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் செய்தார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நன்றாகவே பிடித்துக்கொள்வார்கள். ஓவிய வகுப்பில் அவரவர் சொந்தமாக ஒரு வடிவத்தை வரைந்து, அது யாருக்கு எப்படி உதவும் என்று இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறோம். வண்ணப் பென்சில் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

இன்று இரவே வீட்டிலிருக்கும் வாட்சின் மூடியைப் பாருங்கள். ஆடினால் பேட்டரியைக் கழற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். மூடி கழன்றிருப்பதைக் கவனித்து முதலில் எங்களிடம் வந்து சொன்ன அந்தத் தாய்க்கும், சொன்னதும் புரிந்துகொண்டு ஒத்துழைத்த மற்ற பெற்றோர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்