அண்ணிக்கு, ஒரு வருஷம் கழித்து

அண்ணி,

நாளையோடு ஒரு வருஷம். என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நேரில் பேசலாம் என்று நான்கு தடவை வந்தேன். நான்கு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன். நம் ஆட்களும் இதைப் படிப்பார்கள், தெரியும். அதனால் குட்டியின் பெயரை எழுதவில்லை.

எனக்கு அந்தச் சிவப்புப் பொத்தான்தான் திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தை இருக்கையின் பெல்ட்டைக் கழற்ற அழுத்துவோமே, அது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு விரலைச் சுட, கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு இழுத்துக்கொள்ள முடிந்தது. அவளுக்கு அது மடிமேல் கிடந்தது. முடி நெற்றியோடு ஒட்டி, முகம் செக்கச்செவேலென்று. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தாள்.

நிழலில்தான் நிறுத்தினேன், கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டேன், வெயில் ஒன்றும் கொளுத்தவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் நான் திரும்பி வந்தபோது நிழல் அவள் பக்கத்து ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தது. வெளிச்சத்தை உள்ளே விடுகிற கண்ணாடி, இருக்கையும் டேஷ்போர்டும் திருப்பி விடுகிற சூட்டை வெளியே விடுவதில்லை. 2005-இல் வந்த ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். வெளியே வெறும் 22 டிகிரி இருக்கும்போதே, வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40-ஐத் தாண்டிவிடுகிறது. ஏறுவதில் 80 சதவீதம் முதல் அரை மணிக்குள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. என் 25 நிமிடம் அந்த அரை மணிக்குள்தான் வருகிறது. சின்னக் குழந்தையின் உடம்பு நம்மைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறுமாம். அன்று அவளுக்கு 39.4. நாற்பதைத் தாண்டினால் அதன் பெயரே வேறு: ஹீட் ஸ்ட்ரோக்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். அண்ணனிடம் மூளையைப் பற்றிப் பாடமே எடுத்தேன்: தினமும் போகிற வழியில் பழக்கம்தான் வண்டியை ஓட்டும், பின்னால் சத்தமில்லாமல் தூங்கும் குழந்தை நினைவிலிருந்து நழுவிவிடும், நல்ல பெற்றோருக்கும் இது நடக்கும் என்று. எல்லாம் உண்மை. அப்படி மறந்து பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் துக்கத்துக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன்.

நான் மறக்கவில்லை, அண்ணி. திரும்பிப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம்தானே என்று பூட்டிவிட்டுப் போனேன். உள்ளே வரிசை நீண்டது. இன்னும் ஒருவர்தான், இன்னும் ஒருவர்தான் என்று நின்றேன். அமெரிக்காவில் 1998-லிருந்து இப்படி ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கு, தெரிந்தே விட்டுப் போனது. நான் அந்த ரகம்.

“தூங்கினால் எழுப்பாதே, ராத்திரி முழுக்க ஆட்டம் போடுவாள்” என்று சொன்னது நீங்கள்தான். வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல் அவளை என் கையில் கொடுத்துவிட்டுப் போவீர்கள். உனக்கு முடியுமா என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? இதை எழுதியிருக்கக் கூடாது. அழிக்கவும் மனம் வரவில்லை.

நீங்கள் என்னைத் திட்டியதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் காரில் முன்னால் உட்காருவதில்லை. பின்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை அவள் பெல்ட்டின் மேலேயே வைத்திருக்கிறீர்கள். கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

இனி அவளை என்னோடு தனியாக அனுப்பாதீர்கள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நாளை சாயந்திரம் வருகிறேன். நடந்துதான் வருவேன்.