திகில் விளையாட்டின் முகப்பில் எங்கள் வீடு தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் கணினி விளையாட்டு செய்யும் பிள்ளைகள் கூடி வருகிறார்கள். நான் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்கிறவள். கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு என்று எழுத்தோடும் படத்தோடும் காலம் போகிறது. அதனால் தானோ என்னவோ, ஒரு திகில் கேம் செய்து முடித்த சில பிள்ளைகள், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையத்தளத்தில் போடவிருக்கும் முகப்புப் படத்தையும் அறிமுக வாசகத்தையும் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டு வந்தார்கள். அவர்களிடம் சொன்னதை இதே வேலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வீட்டுக்காரர் எல்லோரும் கனடாவில். ஊரில் பூட்டிக் கிடக்கும், நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய நாற்சார் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்த ஆள்தான் விளையாடுகிறவர். பின்னேரம் வந்து கேற்றைத் திறந்து, முற்றம் கூட்டி, மோட்டரைப் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, சாமியறையில் விளக்கு வைத்துவிட்டு மீண்டும் பூட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் அதே வேலைதான். ஒருநாள் கேற்றைத் திறக்கும்போது சாமியறை விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. பேய் கடைசிவரை கண்முன் வருவதே இல்லை. எனக்கு இந்த விளையாட்டுகளில் பழக்கம் கிடையாது. என்றாலும் அந்த விளக்கைக் கண்டதும் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எங்கள் ஒழுங்கையிலேயே இப்படிப் பூட்டிய வீடுகள் இருக்கின்றன. அவற்றைக் கடந்து போகிற எவருக்கும் அந்தப் பயம் விளங்கும்.

முகப்புப் படத்தில் இதில் ஒன்றுமே இல்லை. விரித்த தலைமயிர், வெள்ளை முகம், வாயோரம் இரத்தம், பின்னால் ஒரு மண்டையோடு. பனையா தென்னையா என்று சொல்ல முடியாத மரம். கிணற்றில் துலாவும் இல்லை, கப்பியும் இல்லை. கயிறு வெறும் ஆகாயத்தில் தொங்குகிறது. ஏஐ செய்து கொடுத்த படமாம். ஏஐ பாவித்திருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் ஸ்டீம் விதி கொண்டுவந்தது. கடைப் பக்கத்திலும் அது தெரியும். சரி, அதை அறிவித்துவிடலாம். ஆனால் அந்த முகத்தை எந்த நாட்டுப் பேய்க் கேமுக்கும் ஒட்டலாம் என்பதுதான் என் முறைப்பாடு. தூணையும் ஓட்டுக் கூரையையும் முற்றத்து வெயிலையும் இவ்வளவு கவனமாக உள்ளே கட்டிய பிள்ளைகள், வாசலில் வேறு யாரோ வீட்டுப் பேயைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அடுத்தது அளவு. அவர்கள் அந்தப் படத்தைத் திரை நிறைய வைத்துப் பார்த்துத்தான் திருப்திப்பட்டிருக்கிறார்கள். வாங்க வருகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. ஸ்டீம் கேட்கும் சிறிய படம் 462க்கு 174 பிக்சல். சில பட்டியல்களில் அது 120க்கு 45 அளவுக்குச் சுருங்கிவிடும். பத்திரிகையில் ஒரு பத்தி அகலத்தில் வரும் மரண அறிவித்தலுக்குப் படம் வெட்டுகிற மாதிரியான வேலை இது. பின்னணியை விட்டு முகத்தை மட்டும் எடுக்காவிட்டால் ஆளைத் தெரியாது. அவர்களுடைய படத்தை அந்த அளவுக்குச் சுருக்கித் திரையில் காட்டினேன். கறுப்பில் ஒரு சிவப்புக் கறைதான் மிஞ்சியது. விளையாட்டின் பெயரையும் வாசிக்க முடியவில்லை. எழுத்திலிருந்து இரத்தம் வடிகிற மாதிரிச் செய்ததில் கொம்பும் காலும் புள்ளியும் கரைந்துவிட்டன. தமிழ் எழுத்தில் அவை போனால் பிறகு வாசிக்க என்ன இருக்கிறது? போதாததற்கு, திகில் வரிசையைத் திறந்து பார்த்தால் பக்கத்தில் நிற்பவையும் பெரும்பாலும் கறுப்பும் சிவப்பும்தான்.

நான் சொன்ன படம் இதுதான். மைமல் பொழுது. திறந்த கேற்றடியில் நின்று உள்ளே பார்க்கிற பார்வை. வீடு முழுக்கக் கருநீல இருட்டு. தூரத்தில் சாமியறையில் ஒரேயொரு மஞ்சள் விளக்கு. முன்னால் விளையாடுகிறவரின் கை, கையில் சாவிக்கொத்து. எவ்வளவு சுருக்கினாலும் கருநீலத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தெரியும்.

பேயைக் காட்டாவிட்டால் திகில் கேம் என்று எப்படித் தெரியும் என்று ஒரு பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மறைப்பதே ஒரு திகில் விளையாட்டின் அடையாளமாகலாம். 1999இல் வந்த சைலண்ட் ஹில் விளையாட்டில், பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியால் தூரத்துக் காட்சியை வரைந்து முடிக்க முடியாததை மறைக்கத்தான் பனிமூட்டம் போட்டார்கள். இன்று அந்த விளையாட்டின் பெயரைச் சொன்னால் ஆக்களுக்கு முதலில் நினைவு வருவது அந்த மூட்டம்தான்.

வாசகத்துக்கு வருகிறேன். ஸ்டீமில் சுருக்க அறிமுகத்துக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 300 எழுத்து. அவர்கள் எழுதியிருந்தது: "இருள் சூழ்ந்த மர்ம மாளிகை. காணாமல் போன குடும்பம். இரத்தத்தை உறைய வைக்கும் திகில் அனுபவம். தப்பிப்பீர்களா?" இதில் விளையாடுகிறவர் என்ன செய்யப் போகிறார் என்று ஒரு சொல் கிடையாது. திகில் விளையாட்டில் ஆளால் எது முடியாது என்று சொன்னாலே பாதிப் பயம் வந்துவிடும். 2010இல் வந்த அம்னீசியா என்ற விளையாட்டில் கையில் ஆயுதமே இல்லை. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். 2022இல் வந்த அயர்ன் லங்கில் நீர்மூழ்கிக்குள் இருக்கிறவரால் வெளியே பார்க்க முடியாது, ஜன்னலை இரும்பால் மூடியிருக்கிறார்கள். வரைபடத்தையும் தான் எடுக்கும் நிழற்படங்களையும் நம்பித்தான் போக வேண்டும். இவற்றைக் கேட்டாலே எனக்கு மூச்சு முட்டுகிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுத்தது: "வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டுக்கு நீங்கள் காவல். ஆறு மணிக்கு விளக்கு வைக்க வேண்டும். இன்று நீங்கள் கேற்றைத் திறக்க முன்னமே விளக்கு எரிகிறது. சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது." இதில் பயம், இருள், இரத்தம் என்ற சொற்கள் ஒன்றும் இல்லை. விளையாட்டில் இல்லாத எதையும் சொல்லவும் இல்லை. பேய் துரத்தும் என்று நம்பி வாங்குகிறவர், முற்றம் கூட்ட வேண்டியிருப்பதைக் கண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது அங்கே விதி.

அந்தக் "காணாமல் போன குடும்பம்" பற்றி நான் அவர்களோடு நிறைய நேரம் கதைத்தேன். விளையாட்டில் அப்படி ஒரு குடும்பமே இல்லை. மற்றத் திகில் கேம்களில் கண்டதை எழுதியிருக்கிறார்கள். கடைப் பக்கத்துக்கென்று தனியாகச் செய்த ஒரு படத்தில், சட்டம் போட்ட நிழற்படத்தை நெஞ்சோடு பிடித்தபடி ஒரு வயதான அம்மா, கண் இருக்கிற இடத்தில் கருங்குழி. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் அவர்களின் படத்தை ஏந்தி வீதியோரம் இருந்து போராடினார்கள். எங்கள் அச்சகத்துக்கும் அடையாள அட்டையிலிருந்த சின்னப் படத்தைக் கொண்டுவந்து பெருப்பித்துத் தரச் சொல்கிற தாய்மார் இருக்கிறார்கள். கீறல் விழுந்த அந்தப் படத்தில் பிள்ளையின் கண்ணைத் தெளிவாக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த அம்மாவைப் பேயாக்கி ஒரு கேமை விற்கக் கூடாது. போரையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் பற்றி யாராவது மனப்பூர்வமாக ஒரு விளையாட்டு செய்தால் நான் வரவேற்பேன். அதற்குத் திகில் வடிவம் பொருந்தவும் கூடும். உள்ளே இல்லாத துயரத்தை வெளியில் கவர்ச்சிக்காக ஒட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். அந்தப் பிள்ளைகள் போர் முடிந்த காலத்தில் சின்னவர்கள், வேண்டுமென்று செய்யவில்லை. நான் சொன்னதும் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள்.

சின்ன விஷயம் ஒன்று. முகப்பின் மூலையில் "யாழ்ப்பாணத்தின் முதல் திகில் கேம்" என்று போட்டிருந்தார்கள். 2022 செப்டெம்பரிலிருந்து ஸ்டீம் முகப்புப் படங்களில் விளையாட்டின் பெயரும் துணைத்தலைப்பும் தவிர வேறு எழுத்துக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும், முதலாவது என்று யார் உறுதிப்படுத்துவது?

வாசகத்தை மாற்றிவிட்டார்கள். முகப்புப் படம் இன்னும் மாறவில்லை, ஏனென்றால் அந்தக் குழுவில் படம் வரையத் தெரிந்தவர் இல்லை. மருதனார்மடத்தில் சித்திரம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நாற்சார் வீட்டுக்குள் மைமல் வெளிச்சம் எப்படி விழும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள். ஸ்டீமில் ஒரு விளையாட்டைப் போடவே 100 அமெரிக்க டொலர் கட்ட வேண்டும். அதைச் சேர்த்தவர்கள் வரைகிறவருக்கும் ஒரு தொகை ஒதுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பெயரும் போடுவார்கள். விருப்பமுள்ளவர்கள் தங்கள் படங்களோடு உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால், அந்தக் கடிதங்களை நான் வந்து வாங்கிச் சேர்ப்பிப்பேன். இதற்கு இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சக வடிவமைப்பாளர் ஒருவர்,
கொக்குவில்.