ஏப்ரலுக்குத் தண்ணீர், ஆகஸ்ட்டுக்கு வெயில்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கயலுக்கு,

ஊர் திரும்பி கனகபுரா பக்கம் நிலம் வாங்கிக் கட்டப்போகும் வீட்டுக்கு நீயும் மாப்பிள்ளையும் அனுப்பிய வரைபடம் கிடைத்தது. கோடுகளெல்லாம் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் அது நீங்கள் இப்போது இருக்கும் ஊருக்குப் போட்ட வீடு. வைக்கோல் கட்டுச் சுவர், தெற்கே முழுக்கக் கண்ணாடி, செங்குத்தான கூரை என்று எல்லாமே குளிர்காலச் சூரியனைப் பிடித்து உள்ளே அடைத்து வைப்பதற்கான ஏற்பாடு. கனகபுரா பக்கம் வெயிலை வாசலோடு நிறுத்துவதுதான் வேலை. இங்கே ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. ஆகவே சூடு முக்கியமாகக் கூரை வழியாகவும் பிற்பகலில் மேற்குச் சுவர் வழியாகவும்தான் வரும். தெற்குக் கண்ணாடியை எடுத்துவிடு. மேற்கில் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி இவற்றை வை. வைக்கோல் சுவரையும் மறந்துவிடு. கரையானும் எலியும் அதற்குள் குடித்தனம் பண்ணும்.

முதலில் நிலம். நீங்கள் இருவரும் வெளிநாட்டுவாசியாக இருக்கும்வரை இந்தியாவில் விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க முடியாது, அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. என் பெயரில் வாங்கிப் பிறகு தானமாக எழுதித் தரலாம் என்று மாப்பிள்ளை சொன்னதும் ஓடாது. வெளிநாட்டுவாசிக்கு விவசாய நிலம் தானமாகவும் போகக் கூடாது, வாரிசாக மட்டுமே சேரலாம். குடிபெயர்ந்து திரும்பி வந்த பிறகு உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். விவசாயி அல்லாதவர் வாங்கக் கூடாது என்று கர்நாடகத்தில் இருந்த பழைய தடை 2020-இல் எடுக்கப்பட்டுவிட்டது.

வாங்கும்போது பஹணி (நிலப் பதிவேட்டு நகல்), மியூட்டேஷன் (பெயர் மாற்றப் பதிவு), 30 வருட வில்லங்கச் சான்று இவற்றோடு சர்வே ஸ்கெட்சையும் கேள். பஹணியில் கராப், அதாவது சாகுபடிக்கு ஆகாத நிலம், என்று ஒரு கலம் இருக்கும். அதில் பி கராப் என்று போட்டிருந்தால் அது பொதுப்பாதை, ஓடை போன்ற அரசு நிலம். விலை பேசும் ஏக்கரில் அதையும் சேர்த்துச் சொல்வார்கள், கழித்துக்கொண்டு பேசு. பாதை கிராம வரைபடமான நக்‌ஷாவில் வரைந்திருக்க வேண்டும். "பக்கத்துத் தோட்டக்காரர் விடுவார்" என்பது பாதை ஆகாது. தாழ்த்தப்பட்டோருக்கு அரசு வழங்கிய நிலமா என்று மூலப் பத்திரம்வரை போய்ப் பார். 1978-ஆம் வருடச் சட்டப்படி அரசின் முன் அனுமதியில்லாமல் அதை விற்றது செல்லாது, எத்தனை கை மாறியிருந்தாலும் திரும்பப் போகும். அது நியாயமும்கூட. பன்னர்கட்டா காட்டோரம் விலை குறைவாகச் சொன்னால், ராகி அறுவடைச் சமயத்தில் அங்கே யானை இறங்குகிறதா என்று ஊர்க்காரர்களிடம் விசாரி.

தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். மற்ற எல்லாமே இதைப் பொறுத்தது.

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். பெங்களூரில் சராசரி மழை வருடத்துக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் சராசரியை நம்பித் தொட்டி கட்டாதே, 700 என்று போடு. ஆவியாகி, சிதறி, முதல் மழையில் கழுவி விடுவதெல்லாம் போக 80 சதவீதம் கைக்கு வரும். 100 சதுர மீட்டர் கூரைக்கு 56,000 லிட்டர். நீங்கள் இருவர், நிலா என்று மூன்று பேருக்கு நாளுக்குத் தலைக்கு 80 லிட்டர் என்றால் வருடத்துக்கு 87,600. அதாவது வீட்டுக் கூரை மட்டும் போதாது. கொட்டகை, தாழ்வாரம் எல்லாம் சேர்த்து 150 சதுர மீட்டர் இருந்தால் 84,000 வரும், கிட்டத்தட்டச் சரிக்குச் சரி.

அடுத்து தொட்டியின் அளவு. டிசம்பர் முதல் ஏப்ரல் இரண்டாம் வாரம்வரை 130 நாள் மழையை எதிர்பார்க்காதே. 240 லிட்டர் வீதம் 31,200. ஆக 32,000 லிட்டருக்குக் குறையாமல் தரைக்கடியில் ஒரு தொட்டி. உள்ளே வெளிச்சம் புகக் கூடாது, புகுந்தால் பாசி. ஆள் இறங்கும் மூடிக்குப் பூட்டு, காற்றுக் குழாய்க்குக் கொசுவலை. ஒவ்வொரு மழையிலும் முதல் 1 முதல் 2 மில்லிமீட்டரைத் தொட்டிக்கு அனுப்பாமல் வெளியே விடத் தனிக் குழாய், 150 சதுர மீட்டருக்கு 150 முதல் 300 லிட்டர். அந்தக் குழாயின் அடியில் மெல்லச் சொட்டும் துளை வை. இல்லாவிட்டால் முதல் மழையின் அழுக்கோடு அது நிரம்பியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போகும். பெரும்பாலான வீடுகளில் கோளாறு இங்கேதான்.

போர்வெல்லை நம்பி மட்டும் இறங்காதே. அடியில் இருப்பது கருங்கல் பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கும். பத்தடி தள்ளிப் போட்டால் வறண்டும் போகலாம். 2024 கோடையில் நகரத்துக்குள்ளேயே என்ன பாடு என்று செய்தியில் பார்த்திருப்பாய்.

தொட்டிக்குத் தோண்டுகிற 32 கன மீட்டர் மண்தான் உன் சுவர். மேலே ஓரடிக்கு இலைமக்கு கலந்த மேல்மண்ணைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே வரும் செம்மண்ணை எடு. நம் பக்கத்துச் செம்மண்ணில் களி கொஞ்சம் அதிகம், அப்படியே அழுத்தினால் காயும்போது வெடிக்கும். ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வை. அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். களி ஏழில் ஒரு பங்குக்கு மேல் போனால் எம் சாண்டோ (கல்லை உடைத்த மணல்) கிரஷர் பொடியோ சேர்த்துக் குறை. கரிசல் மண் வந்தால் இந்த வேலைக்கே ஆகாது.

கை இயந்திரத்தில் மண்ணை அழுத்தி வார்க்கும் சுவர்க்கல்லான மட் பிளாக் 230 × 190 × 100 மில்லிமீட்டர். இதன் பின்னால் இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1974-இல் தொடங்கிய, கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்திரா குழுவின் நீண்ட ஆராய்ச்சி இருக்கிறது. சிமெண்ட் எடையில் 7 சதவீதம், மூட்டைக்கு 90 கல் வரும். 700 சதுர அடி வீட்டுக்கு 5,000 கல் என்று வைத்துக்கொள், 56 மூட்டை சிமெண்ட். ஐந்து பேர் நாளுக்கு 400 வார்த்தால் இரண்டு வாரம். ஈரம் சரியா என்று பார்க்க, கலவையை உருண்டை பிடித்து நெஞ்சுயரத்திலிருந்து கடினத் தரையில் போடு. நான்கைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடிப்பொடியானால் தண்ணீர் போதாது, உடையாமல் தட்டையானால் அதிகம்.

ஒவ்வொரு கல்லுக்கும் மண்ணைத் தராசில் நிறுத்துப் போடச் சொல், ஈரத்தோடு 8.7 கிலோ. இதை மேஸ்திரிகள் கேட்கமாட்டார்கள், "மண்வெட்டிக் கணக்கு போதும் சார்" என்பார்கள். கல்லின் பலம் அடர்த்தியில் இருக்கிறது. அரைக் கிலோ குறைந்தாலும் அச்சு ஒன்றுதான், வெளியே வரும் கல்லும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மழையில் கரையும்போதுதான் வித்தியாசம் தெரியும். சிமெண்ட் கலந்த மண்ணை ஒரு மணி நேரத்துக்குள் அழுத்திவிட வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்து வைத்தது வீண். மறுநாளிலிருந்து மூன்று வாரம் ஈரச் சாக்குக்கடியில் வை. பிறகு ஒரு கல்லை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு ஆணியால் ஓரத்தைக் கீறிப் பார். பொரிந்து வந்தால் அந்தத் தொகுதி தோட்டச் சுவருக்கு. ஜனவரியில் வார்த்தால் மார்ச்சில் கட்டலாம், மே மழைக்கு முன் கூரை.

அஸ்திவாரம் சைஸ் கல், அதாவது அளவாக உடைத்த கருங்கல். தரை மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி பீடம், அதன்மேல் ஈரம் ஏறாத கான்கிரீட் பட்டை. கல்லை ஒட்ட 1 சிமெண்ட், 1 சலித்த செம்மண், 6 மணல். கல்லைவிடப் பலமான கலவை போட்டால் விரிசல் இணைப்பில் நிற்காமல் கல்லைப் பிளந்துகொண்டு போகும். கூரை இரண்டரை அடி வெளியே நீண்டிருக்கட்டும், மண் சுவருக்குத் தொப்பியும் செருப்பும் இருந்தால் போதும் என்பது இதைத்தான். மங்களூர் ஓட்டை உள்ளே வைத்து வார்க்கும் ஃபில்லர் ஸ்லாப் போடலாம், கான்கிரீட் மிச்சம், உள்ளே சூடும் குறைவு.

மின்சாரத்தை ஏப்ரலை வைத்துக் கணக்குப் போடாதே, ஆகஸ்ட்டை வைத்துப் போடு. ஃபிரிட்ஜ் 1 யூனிட், 30 வாட் மின்விசிறி மூன்று 12 மணி நேரம் ஓடினால் 1.1, இரண்டு லேப்டாப்பும் இணையமும் 1, விளக்கு 0.3, மிக்ஸி, துவைக்கும் இயந்திரம் 0.5, மோட்டார் 0.4. மொத்தம் 4.3. பேட்டரி, இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 6-ஐத் தொடும். நல்ல வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும், ஆகஸ்ட்டின் மூட்டமான நாளில் 2 தந்தாலே பெரிது. ஆகவே 3 கிலோவாட். பேட்டரி 5 யூனிட் லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஈய அமில பேட்டரி வாங்கினால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இரட்டிப்பு அளவு வேண்டும். மோட்டாரும் கிரைண்டரும் கிளம்பும்போது ஓடும் மின்சாரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும், இன்வெர்ட்டரை அதற்குத் தக எடு. கம்பி இணைப்பு கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதே. மத்திய அரசின் கூரை சோலார் திட்டமான பிஎம் சூர்ய கர் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்புக்குத்தான்.

சாணவாயு பற்றிக் கேட்டிருந்தாய். 1 கிலோ சாணத்துக்கு 40 லிட்டர் வாயு. 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம், நான்கைந்து மாடு. மாடு கட்டினால் யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும், பாட்டி வீட்டுக்குக்கூடச் சேர்ந்து போக முடியாது. முதல் மூன்று வருடம் சிலிண்டர் வைத்துக்கொள்.

கழிவறைக்கு இரட்டைக் குழி. ஒன்று நிரம்பியதும் மற்றதற்கு மாற்றி, பழையதை இரண்டு வருடம் ஆறவிட்டால் எரு. கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி. குளியல் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். சோப்புத் தூளின் உப்பு மண்ணைக் கெட்டியாக்கும், துவைத்த தண்ணீரை ஒரே இடத்தில் விடாதே.

சாப்பாட்டில் ராகி, மொச்சை, துவரை, காய், கீரை, முட்டை உங்களால் முடியும். மானாவாரியில் ஜூலையில் விதைக்கும் ஜிபியூ 28 ரக ராகி 115 நாளில் வந்துவிடும், எட்டு வரிசை ராகிக்கு இரண்டு வரிசை துவரை. அரிசி, எண்ணெய், வெல்லம் கடையில்தான். நெல்லுக்கு உன் தொட்டி தாங்காது. வாங்குகிற சாமானுக்கும் நிலாவின் பள்ளிக்கும் பணம் வேண்டும், இருவரில் ஒருவர் வேலையை விடாமல் இருப்பது நல்லது.

டிசம்பரில் வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். டிசம்பரில் எல்லா நிலமும் பச்சையாகத்தான் இருக்கும், கிணறும் நிறைந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் வா. பக்கத்துத் தோட்டங்களில் எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, யார் டேங்கர் வாங்குகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். வாங்குவதற்கு முன் அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இருந்து பாருங்கள் என்பது என் யோசனை, மாப்பிள்ளைக்குப் பிடிக்காவிட்டாலும் சரி.

தேதியைச் சீக்கிரம் சொல். சர்வேயருக்கு முன்கூட்டியே பணம் கட்டினால்தான் அந்த வாரத்தில் வருவார்.

அன்புடன்,
அப்பா