பதக்கம் அடிப்பவர்களுக்கும் அடிக்கக் கொடுப்பவர்களுக்கும்

குமரி மாவட்டத்தில் நினைவுப் பதக்கம் செய்து தரும் பட்டறைக்காரர்களுக்கும், கொடைவிழா, நூற்றாண்டு விழா என்று அதை ஆர்டர் கொடுக்கும் கமிட்டிக்காரர்களுக்கும் வணக்கம்.

பழங்காசின் சாயலில் வரும் பதக்கங்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பவன் நான். தாராளமாக அடியுங்கள். ஆனால் ராஜராஜன் காசை அதே அளவில், அதே செம்பில் வார்த்து, கறுப்பேற்றி, ஒரு அடையாளமும் போடாமல் கொடுக்காதீர்கள். விழா மேடையில் அது பதக்கம். வாங்கியவர் காலத்துக்குப் பிறகு அலமாரியைத் திறக்கும் பிள்ளைகளுக்கு அது சோழர் காசு. அப்புறம் அதற்கு விலை பேச ஒருவர் வருவார்.

ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் போட்ட செம்புக் காசுகளைப் பார்த்திருப்பீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் நம்புகிறார்கள். சென்னையில் கம்பெனி அடித்த வராகன் என்ற தங்கக் காசில் விஷ்ணு உருவம் உண்டே, அதனால் நம்புவதும் எளிது.

அமெரிக்காவில் 1973-இலேயே சட்டம் போட்டு, பழைய நாணயத்தின் நகல் என்றால் அதன் மேலேயே நகல் என்று பொறிக்கச் சொல்லிவிட்டார்கள். இங்கே சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். விளிம்பில், பதக்கம் அடித்த ஆண்டும் உலோகமும் இருந்தால் போதும். கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, போட ஆசையாக இருந்தால் போடுங்கள், திருவிதாங்கூர் நாணயங்களிலும் அது உண்டு. கூடவே ஆங்கில ஆண்டும் இருக்கட்டும்.

இன்னொன்று. சோழர் இங்கும் ஆண்டவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1949 வரை நாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். நம் தாத்தா பாட்டி கையில் புழங்கியது சக்கரமும் காசும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்தச் சக்கரத்தை ஏன் யாரும் தொடுவதில்லை? பழைய வெள்ளிச் சக்கரம் துவரம்பருப்பு அளவுதான். விரலால் எண்ண முடியாது. அதனால் குழிகள் வெட்டிய மரப்பலகையில் கொட்டி ஆட்டுவார்கள். குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சத்தை வழித்துவிட்டால் கணக்கு சரி. பதக்கத்தின் ஒரு பக்கம் அந்தப் பலகை, மறுபக்கம் பிற்காலச் செம்புச் சக்கரத்தில் இருந்த சங்கு. உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கி அடித்தால் யாரும் அதைப் பழங்காசு என்று விற்க முடியாது. குனிந்து பார்க்கவும் நிறைய இருக்கும்.

நல்ல பதக்கம் காசுக்கே முன்மாதிரி ஆனதும் உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் பாரிஸில் அடிக்கச் செய்த சுதந்திர தேவி பதக்கத்தின் சாயலில்தான் 1793-இல் அமெரிக்காவின் அரை சென்ட் வந்தது.

அச்சு வெட்டும் முன்பு வரைபடத்தை ஒரு தடவை காட்டுங்கள். என்னிடம் இருக்கும் சக்கரங்களை லென்ஸோடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வருகிறேன். முதல் பதக்கத்தைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாகர்கோவில் சேகரிப்பாளர் ஒருவர்